அரை மணி நேரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் எதற்கு?

குழந்தைக்குச் சோறூட்டும்போது கழுத்தில் மாட்டி, ஊட்டி முடித்ததும் குப்பைக்கூடையில் போட்டுவிடும் பிப் ஒன்றை மேசைமேல் வைத்து அடுக்கடுக்காகப் பிரித்துப் பாருங்கள். மேலடுக்கு மெத்தென்று துணி போலவே இருக்கும். ஓரத்தில் சிறு துண்டைக் கத்தரித்து, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினால், பருத்தி போல எரிந்து சாம்பலாகாது. சுருங்கி, உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக உருண்டு நிற்கும். அது பாலிபுரொப்பிலீன். கல்யாண வீடுகளில் தாம்பூலம் போட்டுக் கொடுத்துவந்த ‘நான் ஓவன்’ பை எதனால் ஆனதோ, அதே சரக்கு. நடுவில் டிஷ்யூ தாள். அடியில், ஈரம் சட்டைக்கு இறங்காமல் தடுக்க வழுவழுப்பான பாலித்தீன் படலம். கழுத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள இரண்டு ஸ்டிக்கர். பெரும்பாலான மலிவு பிப்புகளின் உடம்பு இவ்வளவுதான்.

இது குழந்தையின் மார்பில் இருக்கப்போவது இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி நேரம். மண்ணில் கிடக்கப்போவதோ அந்தக் குழந்தைக்குப் பேரன் பேத்தி பிறந்த பிறகும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. அந்தப் பட்டியலில் நான் ஓவன் பை உண்டு. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் டீ கப்பும் உண்டு. அத்திப்பள்ளி சோதனைச்சாவடியைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே 2016-லேயே தடை வந்துவிட்டது. தடை செய்த பையின் துணியையும் தடை செய்த தட்டின் பூச்சையும் சேர்த்து ஒட்டினால் கிடைப்பது பிப். ஆனால் பிப் என்ற பெயர் பட்டியலில் இல்லை. சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அது சின்னப் பொருள்.

தூக்கி எறியக்கூடிய, ஆனால் குழந்தைக்கும் மண்ணுக்கும் கெடுதல் செய்யாத ஒரு பிப்பை ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வடிவமைக்க முடியுமா? முடியும் என்பதே என் கணிப்பு. அதற்கான வேலையைக் குழந்தையின் கழுத்திலிருந்து மட்டும் தொடங்கினால் போதாது, குப்பைத்தொட்டியிலிருந்தும் தொடங்க வேண்டும்.

யாருக்கு வேண்டும்?

வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்து, துவைக்கத் தண்ணீரும் காயப்போட வெயிலும் இருந்தால், பழைய வேட்டியில் கிழித்த துண்டை மிஞ்சிய பிப் கிடையாது. எத்தனையோ முறை துவைத்து மெத்தென்றாகி, கஞ்சியும் சாயமும் போன பருத்தி அது. ஒழுகும் எச்சிலை உறிஞ்சும். கன்னத்தையும் தாடையையும் உராயாது. அப்படி வசதி இருக்கிற வீடுகளுக்கு இந்தக் கட்டுரையில் புதிதாக எதுவும் தேவையில்லை. அவர்கள் துணியையே வைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் ஓசூரில் எல்லா வீடும் அப்படி இல்லை. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அடுத்து அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என ஆலைகள் வரிசையாக வந்தன. இப்போது போச்சம்பள்ளியில் பெண்களே நடத்தும் ஆலை என்ற அறிவிப்போடு வந்த ஓலா ஸ்கூட்டர் தொழிற்சாலை இருக்கிறது. ஓசூரை அடுத்து டாடா எலக்ட்ரானிக்ஸில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை பார்க்கிறார்கள். எல்லை தாண்டி பொம்மசந்திரா பக்கம் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய் வருபவர்கள் தனி. லைன் வீடுகளில் நாலைந்து குடும்பத்துக்கு ஒரு குழாய். கோடையில் தண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் குடங்கள் நிற்கும். தளியிலும் அஞ்செட்டியிலும் பாட்டி இருக்கிற பெண், குழந்தையை ஊரில் விட்டுவிட்டு வரலாம். ஒடிசாவிலிருந்து வந்த பெண் எங்கே விடுவாள்?

2017-இல் வந்த சட்டத் திருத்தம் பேறுகால விடுப்பை 26 வாரமாக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 26 வாரம் என்பது ஆறு மாதம். தாய்ப்பாலோடு திட உணவு தொடங்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் குறிக்கும் வயதும் ஆறு மாதம்தான். பிரசவத்துக்கு முன்பே விடுப்பில் ஒரு பங்கு கழிந்துவிட்டால், அம்மா வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு ஆறு மாதம்கூட நிறைந்திருக்காது. ஆக, குழந்தை முதல் வாய் கேழ்வரகுக் கூழைத் துப்பி மார்பெல்லாம் பூசிக்கொள்ளும் அந்தக் காலம், அம்மா ஷிப்டுக்குப் போய்விட்ட காலம். அந்தக் கூழைத் துடைப்பவர் காப்பகத்து ஆயா. அவர் கையில் ஒரு குழந்தை இல்லை, பத்துப் பதினைந்து குழந்தைகள்.

அந்த இடத்தில் துணி பிப்புக்கு ஒரு சிக்கல் உண்டு. ஒரு குழந்தையின் துணி இன்னொரு குழந்தையின் வாய்க்குப் போனால் வாய்ப்புண்ணும் கொப்புளமும் வயிற்றுப்போக்கும் கூடவே போகும். தனித்தனியாகப் பெயர் எழுதி, கொதிநீரில் அலசி, வெயிலில் உலர்த்த ஆளும் இடமும் நேரமும் வேண்டும். அவை இல்லாத காப்பகத்தில்தான் ஒருமுறை பிப்புக்கு நியாயம் இருக்கிறது. பேருந்துப் பயணம், ஆஸ்பத்திரி வார்டு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். சூப்பர் மார்க்கெட் அலமாரிக்காக இதை வடிவமைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. காப்பகத்துக்காக வடிவமைக்க வேண்டும்.

கழுத்தில் மாட்டுவது சின்ன விஷயமா?

பல் டாக்டரிடம் போனால் நாற்காலியில் சாய்த்து மார்பில் ஒரு காகித பிப் மாட்டுவார்களே, அதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரம் இருக்கிறது: ஐ.எஸ். 17354. குழந்தையின் டயாபருக்கு ஐ.எஸ். 17509. பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் தரமுத்திரை கட்டாயம். குழந்தை சாப்பிடும்போது மாட்டும் பிப் பல் டாக்டரின் பிப்பும் இல்லை, டயாபரும் இல்லை, பொம்மையும் இல்லை. ஐரோப்பாவிலும் இதே கதைதான். குழந்தை உடைகளில் கழுத்துப் பகுதியில் கயிறு, நாடா வைக்கக் கூடாது என்று சொல்லும் இ.என். 14682 என்ற தரம், பிப்பைத் தன் வரம்பிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையின் சட்டைக் கழுத்தில் நாடா ஆபத்து என்றால் ஏழு மாதக் குழந்தையின் பிப்பில் மட்டும் எப்படி ஆபத்தில்லாமல் போகும்?

பக்கத்துத் தரங்களிலிருந்து நல்லதைப் பொறுக்கி எடுத்துச் சேர்ப்பதே வடிவமைப்பாளருக்கு வழி. பொம்மைத் தரத்தில் ஒரு சோதனைக் குழல் உண்டு. அதன் விட்டம் 31.7 மில்லிமீட்டர். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையின் பொம்மையிலிருந்து கழன்று வரும் எந்தத் துண்டும் அந்தக் குழலுக்குள் அடங்கிவிடக் கூடாது. அடங்கினால் தொண்டையிலும் அடங்கும். இப்போது அந்த பிப்பின் ஸ்டிக்கரைப் பிய்த்துப் பாருங்கள். சுலபமாக அடங்கிவிடும். பின்கழுத்தில் ஒட்டியிருந்தாலும், கையை எங்கே கொண்டுபோனாலும் திரும்ப வாய்க்கே கொண்டுவரும் வயது அது.

அடியிலிருக்கும் படலமும் அப்படித்தான். மெல்லிய பிளாஸ்டிக் தாள் மூக்கிலும் வாயிலும் படிந்தால் குழந்தைக்கு அதை விலக்கத் தெரியாது. அதனால்தான் பொம்மைகளோடு வரும் மெல்லிய பிளாஸ்டிக் தாளுக்குக் குறைந்தபட்சத் தடிமன் வைத்திருக்கிறார்கள். அதைவிட மெல்லியதாக இருந்தால் பரப்பில் நூற்றுக்கு ஒரு பங்காவது துளை போட்டிருக்க வேண்டும். துளை போட்டால் பிப்பில் ஈரம் இறங்கிவிடும் என்பதால் பிப் செய்பவர் துளை போடமாட்டார். சாப்பிட்டபடியே தூங்கிவிட்ட குழந்தையின் கழுத்தில் பிப் அப்படியே கிடப்பதை எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம்! துணியோ சிலிகானோ காகிதமோ, தூங்கும் முன் கழற்றிவிட வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க எந்தத் தரமும் தேவையில்லை.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாதது. 2007-இல் அமெரிக்காவில் டாய்ஸ் ஆர் அஸ் கடைகளில் விற்ற வினைல் பிப்புகளில் ஈயம் இருப்பது தெரிந்து அலமாரிகளிலிருந்து எடுத்தார்கள். படம் போட்ட, பளபளப்பான, துடைத்தால் போய்விடும் பிப்புகள் அவை. அடுத்த ஆண்டே அந்த நாட்டில் குழந்தைப் பொருட்களில் ஈயத்துக்கும் பி.வி.சி.யை மென்மையாக்கும் தாலேட்டுகளுக்கும் கடும் உச்சவரம்பு வைத்துச் சட்டம் வந்தது. பிப்பைக் குழந்தை மார்பில் மட்டும் வைத்துக்கொள்வதில்லை, மெல்லவும் செய்கிறது. ஆகவே சாயம் வேண்டாம், பொம்மைப் படம் வேண்டாம், வாசனை வேண்டாம், வெளுப்பூட்டும் ரசாயனமும் வேண்டாம். படம் இல்லாத பிப் விற்காது என்பார்கள். காப்பகத்து ஆயாவுக்குப் படம் எதற்கு?

இந்த அறிவு நமக்கு வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. திருப்பூரில் குழந்தை உடை ஏற்றுமதி செய்பவர்கள் ஓகோ-டெக்ஸ் சான்றிதழை அன்றாடம் கையாள்பவர்கள். அதில் மூன்று வயதுவரையான குழந்தைகளுக்கான முதல் வகுப்பில், எச்சில் பட்டால் சாயம் இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனையே உண்டு. ஜெர்மனிக் குழந்தைக்கு அனுப்பும் பனியனுக்குச் செய்கிற சோதனையை ஓசூர்க் குழந்தையின் பிப்புக்கும் செய்யலாம்.

கூழ், மாம்பழம், நெய்

பிப்புக்கு என்ன பொருள் என்று கேட்கும் முன், அதன்மேல் என்ன சிந்தப்போகிறது என்று கேட்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அது மூன்று: கேழ்வரகுக் கூழ், மே, ஜூனில் மாம்பழம், நெய் விட்டுப் பிசைந்த பருப்புச் சோறு. கூழ் கெட்டி. உறிஞ்ச வேண்டியதில்லை, வழிந்து மடியில் விழாமல் பிடித்தால் போதும். அதற்குக் கீழ்ப்பக்கம் மேல்நோக்கி மடித்த பை போன்ற ஓரம் வேண்டும். மாம்பழச் சாறு தண்ணீராக ஓடும், சட்டையில் பட்டால் கறை போகாது. அதற்கு உறிஞ்சும் நடு அடுக்கு வேண்டும். நெய்தான் கடினம். அதைப் பிறகு பார்ப்போம்.

உறிஞ்சும் அடுக்கு என்றதும் பஞ்சு நினைவுக்கு வரும். மலிவு விலையில் நாப்கின் செய்ய முனைந்த கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தமும் அப்படித்தான் பஞ்சில் தொடங்கினார். பெரிய கம்பெனிகளின் நாப்கின் மட்டும் ஏன் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது என்று தேடியபோது, உள்ளே இருப்பது பஞ்சு அல்ல, பைன் மரத்திலிருந்து எடுத்த செல்லுலோஸ் நார் என்று தெரிந்தது. அதன் பிறகுதான் மகளிர் குழுக்களே இயக்கக்கூடிய சின்ன இயந்திரம் அவர் கையில் உருவானது. பிப்புக்கு அந்த அளவு உறிஞ்சும் சக்தி தேவையில்லை. டயாபரில் போடும், ஈரம் பட்டால் ஜெல்லாக ஊதும் பாலிமர் தூள் அறவே கூடாது. கிழிந்தால் அது குழந்தையின் வாய்க்குப் போகும்.

நடு அடுக்குக்குத் தேவையான காகித நாருக்கு நாம் பைன் காட்டைத் தேட வேண்டாம். கரூர் புகழூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1980-களிலிருந்து கரும்புச் சக்கையில் காகிதம் செய்கிறது. சக்கை நார் குட்டையானது, தனியாக நின்றால் ஈரத்தில் பிய்ந்துவிடும். அதனால் மேலடுக்கு அதைத் தாங்க வேண்டும். மேலடுக்குக்குப் பாலிபுரொப்பிலீனுக்குப் பதிலாக விஸ்கோஸ் அல்லது பருத்தியில் செய்த ஸ்பன்லேஸ் துணி போதும். பசையே இல்லாமல், அழுத்தமான நீர்த்தாரையால் நார்களைப் பின்னிச் செய்வது அது. கொளுத்தினால் காகிதம் போல எரியும், மண்ணில் போட்டால் மக்கும்.

இன்னொரு யோசனை ஓசூர்ப் பட்டறைகளில் நின்றால் தானாக வரும். இயந்திரத்துக் கிரீஸைத் துடைக்கக் கிலோ கணக்கில் வாங்கும் பனியன் வேஸ்ட். திருப்பூர்க் கத்தரிப்பில் மிஞ்சிய துணி. அதில் சாயம் ஏறாத வெள்ளைத் துண்டுகளைப் பிரித்து பிப் செய்தால் என்ன? யோசனை நல்லது, கவனம் வேண்டும். இன்றைய பனியன் துணியில் ஒரு பகுதி இழுவைக்காக லைக்ரா கலந்தது, அது மக்காது. தைத்தால் இன்னொரு தொல்லை. நூற்கண்டுக் கடையில் வாங்கும் தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர். துணி மக்கி உரமான பிறகும் ஓவர்லாக் அடித்த நூல் அப்படியே சிலந்தி வலை போல உரக்குழியில் கிடக்கும். எனவே தையல் வேண்டாம். அடுக்குகளை ஓரத்தில் பல்பதித்த உருளையால் அழுத்திச் சேர்ப்பதுதான் சரி.

கழுத்துக்கு ஸ்டிக்கரும் வேண்டாம், நாடாவும் வேண்டாம், உராயும் வெல்க்ரோவும் வேண்டாம். இரண்டு கைகளை நீளமாக விட்டு, ஒன்றில் கீறல், இன்னொன்றில் அம்புமுனை நாக்கு வெட்டிவிட்டால் பின்கழுத்தில் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும். பிப் எங்காவது சிக்கி இழுபட்டால் நாக்கு மடங்கி வெளியே வந்துவிட வேண்டும். எவ்வளவு இழுத்தால் விட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்த நாக்கின் அகலம். கார் பாகத்துக்கு மைக்ரான் கணக்கில் டை வெட்டும் ஊரில் இந்த டையை வெட்டிச் சோதித்து, மறுபடி வெட்ட நாள் கணக்கு ஆகாது.

இனி நெய். எண்ணெய்ப் பசை காகிதத்தில் சுலபமாக ஊடுருவும். தண்ணீர் நிற்கும் காகிதத்தில்கூட நெய் நிற்காது. இதற்கு உலகம் நெடுங்காலமாகக் கையாண்ட குறுக்குவழி பி.எஃப்.ஏ.எஸ். என்ற ஃபுளோரின் ரசாயனக் குடும்பம். பர்கர் சுற்றும் தாளிலும் பாப்கார்ன் பையிலும் அதைப் பூசினார்கள். எளிதில் சிதையாது, உடம்பிலும் தண்ணீரிலும் சேர்ந்துகொண்டே போகும். உணவு படும் காகிதத்தில் எண்ணெய் தடுக்கப் பூசும் இந்த ரசாயனங்கள் அமெரிக்காவில் இனி விற்கப்படுவதில்லை என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2024-இல் அறிவித்தது. பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு இதைப் பூசிய காகிதத்தை ‘இயற்கை பிப்’ என்று விற்பதைவிடப் பிளாஸ்டிக்கே மேல்.

எனக்கு நம்பிக்கை தருவது ஸ்டார்ச். சேலம், நாமக்கல், தர்மபுரிப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு வயல் வயலாக விளைகிறது. ஜவ்வரிசி ஆலைகளுக்கு ஸ்டார்ச் பழகிய சரக்கு. திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் மரவள்ளி ஸ்டார்ச்சை வைத்து மக்கும் படலம் செய்வதில் ஆய்வு நடத்தியிருக்கிறது. ஸ்டார்ச் பூச்சு நெய்யை நன்றாகத் தடுக்கும். ஆனால் தண்ணீரில் ஊறி இளகும். கடைச்சரக்காக இது எடுபடாததற்கு அந்த இளகலே முக்கியக் காரணம். பிப்புக்கு அது தடையில்லை என்று நினைக்கிறேன். நமக்குத் தேவை அரை மணி நேரம்தான். மேலே விஸ்கோஸும் நடுவில் சக்கைக் காகிதமும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டால், கடைசியாக அடியில் இருக்கும் ஸ்டார்ச் இளகத் தொடங்கும் முன் சாப்பாடு முடிந்துவிடும். மருத்துவத் துணிகளுக்கென்றே சிறப்பு மையம் வைத்திருக்கும் கோயம்புத்தூர் ஜவுளி ஆராய்ச்சி அமைப்பான சிட்ராவின் ஆய்வகத்தில் இதைச் சோதித்துப் பார்த்துவிடலாம்.

தொட்டியில் விழுந்த பிறகு

மக்கும் என்று அச்சடித்த பொருளெல்லாம் மக்கிவிடுவதில்லை. சோள மாவிலிருந்து செய்யும் பி.எல்.ஏ. படலத்தை நல்ல மாற்று என்று பலர் சொல்கிறார்கள். அதற்கு ஐ.எஸ்.ஓ. 17088 சான்று கிடைக்கும், பொய்யில்லை. ஆனால் அந்தச் சோதனை நடப்பது ஏறக்குறைய 58 டிகிரி வெப்பம் தொடர்ந்து நிற்கும் பெரிய உரக்கூடச் சூழலில். வீட்டுக் கொல்லைக் குழியில் அந்த வெப்பம் நிற்காது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று, தூய்மைப் பணியாளர் குப்பை பிரிக்கும் மேசைக்கு முன்னால் நின்று பார்த்தால்தான் புரியும். அவர் கையில் ஆய்வகம் இல்லை, கண் இருக்கிறது. பளபளவென்று இருந்தால் பிளாஸ்டிக், மக்காத பக்கம். பி.எல்.ஏ.வும் பாலித்தீனும் பார்வைக்கு ஒன்றுதான். பிப்பின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சடித்த முத்திரையை, கூழ் அப்பிய பிறகு யார் துடைத்துப் படிப்பார்கள்? எனவே நல்ல பிப் பார்த்த மாத்திரத்தில் காகிதமாகத் தெரிய வேண்டும். வெளுக்காத சக்கைக் காகிதத்தின் பழுப்பு நிறம், பளபளப்பில்லாத முதுகு. இந்த நிறம் அழகுக்காக இல்லை, அந்தப் பணியாளருக்குச் சொல்லும் தகவல். அடியில் உள்ள பையோரத்தை மேலே மடித்தால் மிச்சச் சோறு உள்ளேயே அடங்கிவிடும். சாப்பாட்டோடு சேர்ந்து மக்கும் குப்பைக்கே போகலாம், கேரி பேக் தேவைப்படாது.

2016 திடக்கழிவு விதிகள், டயாபர், நாப்கின் தயாரிப்பவர்கள் அவற்றைச் சுற்றிப் போடப் பை தர வேண்டும் அல்லது மறுசுழற்சிக்கு ஏற்ற பொருளுக்கு மாற வழி தேட வேண்டும் என்றன. பெரும்பாலும் நடந்தது பை கொடுப்பது. பிப்பில் அந்தச் சமாளிப்பு தேவையில்லை. அதில் ஒட்டியிருப்பது மலமோ ரத்தமோ இல்லை, வெறும் சோறு.

குப்பை போன இடத்தைப் பற்றி ஓசூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கழிவை வாங்கிக்கொண்டு வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரையாகப் பொங்குவதை ஆண்டுதோறும் பார்த்து நிற்பவர்கள் அவர்கள். மேலே இருப்பவர் அலசிவிட்டது கீழே இருப்பவர் வயலுக்கு வரும். ஓசூர் வீசுவது கிருஷ்ணகிரி அணைக்குப் போகும்.

யார் செய்வது?

டயாபர் கம்பெனிகளிடம் இதற்கான பெரிய இயந்திரங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றின் வேகமும் கணக்கும் பாலிபுரொப்பிலீனுக்கு ஏற்பப் போட்டவை. இங்கே தொடங்க வேறு வழி உண்டு. தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் 1989-இல் முதன்முதலில் தொடங்கியது அன்றைய தர்மபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004-இல். குழுவாகக் கடன் வாங்கி, கணக்கு எழுதி, சரக்கு அனுப்பிப் பழகிய பெண்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மண்ணில் இருக்கிறார்கள். வேண்டிய இயந்திரங்கள் மூன்று: மூன்று அடுக்கை ஓரம் அழுத்தும் உருளை, டை வைத்த பிரஸ், மடிக்கும் மேசை. மூன்றையும் ஓசூரின் சிறு பட்டறைகளே செய்துவிடும்.

விலை கூடும். பாலிபுரொப்பிலீனைவிட விஸ்கோஸ் விலை அதிகம், அதை மறைத்துப் பயனில்லை. அதனால்தான் அம்மாவின் பர்ஸிலிருந்து இதற்குக் காசு வரக் கூடாது என்கிறேன். காப்பகம் நடத்த வேண்டிய பொறுப்பு சட்டப்படி ஆலையுடையது. கையுறை, முகக்கவசம், இயந்திரம் துடைக்கும் துணி வாங்கும் அதே பர்ச்சேஸ் பிரிவு, மாதத்துக்கு இத்தனை என்று பிப்புக்கும் ஆர்டர் போடலாம். வாங்குபவர் ஒருவர், பயன்படும் இடம் ஒன்று, சேரும் தொட்டியும் ஒன்று. பல ஆலைகளில் கேன்டீன் கழிவுக்கென்று உரக்குழி ஏற்கெனவே இருக்கிறது. அங்கே இந்த பிப்பைப் போட்டு, மூன்று மாதம் கழித்துக் கிளறிப் பார்த்து, நாரோ படலமோ மிஞ்சியிருந்தால் அடுத்த லாட்டை நிறுத்திவைத்துப் பொருளை மாற்றச் சொல்லும் உரிமையையும் அந்த ஆர்டரிலேயே எழுதிவிட வேண்டும்.